ஸ்கூபா டைவிங்: மூழ்கவும் கூடாது, மிதக்கவும் கூடாது... கடலுக்கு நடுவே அசையாமல் நிற்பது எப்படி?

கோர்ஸ் முடிச்சாச்சு. சர்டிஃபிகேட்டும் கைக்கு வந்தாச்சு. அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ போய், இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடிக்காமல் இறங்கும் முதல் டைவ். ஆழம் 12 மீட்டர்.

கீழே மணல் வேகமாக நெருங்கி வருகிறது. பதற்றத்தில் ஜாக்கெட்டில் காற்று ஏற்றும் பட்டனை அழுத்துகிறீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை அழுத்துகிறீர்கள். திடீரென்று உடம்பு மேலே கிளம்புகிறது. ஐயோ என்று காற்றை மொத்தமாக வெளியேற்றினால், தொப்பென்று விழுந்து முட்டி மணலில் இடிக்கிறது. பக்கத்தில் உங்கள் டைவ் பார்ட்னரோ கையைக் கட்டிக்கொண்டு, படம் வரைந்து மாட்டியது போல அசையாமல் நிற்கிறார்.

புதிதாக டைவிங் கற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இந்த 'லிஃப்ட்' அனுபவம் உண்டு. வெளியே வந்து சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் விஷயம் சிரிப்போடு முடிவதில்லை. பவளப்பாறையில் கால் இடிப்பது, சிலிண்டர் காற்று சீக்கிரம் தீர்வது, கட்டுப்பாடு இல்லாமல் மேலே வந்து நுரையீரலில் காயம் ஏற்படுவது என்று எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

இந்தத் திறமைக்கு டைவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாயன்சி கன்ட்ரோல்'. தமிழில் சொன்னால், மிதப்பைக் கட்டுக்குள் வைப்பது. இதற்குப் புதுசா எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. இடுப்பில் இருக்கும் தேவையில்லாத எடையைக் குறைப்பதும், மூச்சை நிதானமாக விடப் பழகுவதும்தான் இதில் முக்கால்வாசி. எப்படி என்று பார்க்கலாம், வாங்க.

கிணற்று வாளி சொல்லும் பாடம்

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது தெரியும். தண்ணீருக்குள் இருக்கும்வரை நிறைந்த வாளி லேசாக வரும். தண்ணீரை விட்டு வெளியே வந்த அடுத்த நொடி, கயிறு கையை அறுக்கிற மாதிரி இழுக்கும். வாளியின் எடை மாறவில்லை. அதுவரை அதைக் கீழிருந்து தாங்கிய தண்ணீர் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

கிமு 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடிஸ் சொன்னது இதைத்தான். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை அளவுக்கு அது மேல்நோக்கித் தள்ளப்படும். ஆக, தண்ணீருக்குள் உங்களுக்கு மூன்று நிலைகள்தான்:

• விலக்கும் தண்ணீரை விட நீங்கள் லேசு என்றால், மேலே போவீர்கள்.
• கனம் என்றால், கீழே போவீர்கள்.
• இரண்டும் சமம் என்றால், இருக்கும் இடத்திலேயே நிற்பீர்கள். இதுதான் 'நியூட்ரல்' நிலை. டைவர் தேடுவது இதைத்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு. 1 லிட்டர் நன்னீரின் எடை 1 கிலோ. உப்பு கலந்த கடல்நீர் 1 லிட்டர் சுமார் 1.025 கிலோ. உடம்பும் கருவிகளும் சேர்ந்து 100 லிட்டர் இடத்தை அடைக்கும் ஒருவருக்கு, நீச்சல் குளத்தில் சரியாக இருந்த எடையோடு கடலில் சுமார் 2.5 கிலோ கூடுதலாகத் தேவைப்படும். 'குளத்தில் நல்லாத்தானே இருந்துச்சு, கடல்ல ஏன் இறங்க மாட்டேங்குது?' என்று குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

மீன்களுக்கு இந்தச் சிக்கல் இல்லையா? உண்டு. 'வலையில் சிக்கிய கூறல் மீன் லட்ச ரூபாய்க்கு விலை போனது' என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த விலைக்குக் காரணமே அதன் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான். பல மீன்கள் இந்தப் பையில் உள்ள வாயுவைக் கூட்டியும் குறைத்தும்தான், துடுப்பை அடிக்காமலே ஓர் ஆழத்தில் நிற்கின்றன. நமக்கு அந்த வேலையை நுரையீரலும் ஜாக்கெட்டும் செய்ய வேண்டும்.

உங்களோடு தண்ணீரில் இறங்கும் 5 விஷயங்கள்

டைவ் முழுக்க உங்கள் மிதப்பைத் தீர்மானிப்பவை இவைதான்:

1. நுரையீரல்: மூச்சை இழுத்தால் மார்பு விரியும், மிதப்பு கூடும். விட்டால் குறையும். கூடுதலாக 1 லிட்டர் காற்றை இழுத்தால், சுமார் 1 கிலோ அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும் விசை கிடைக்கும்.

2. வெட்சூட்: இந்த ரப்பர் உடைக்குள் லட்சக்கணக்கான சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் இருக்கும். குளிரைத் தடுப்பதும் அவைதான், உங்களை மிதக்க வைப்பதும் அவைதான். ஆழத்தில் அவை நசுங்கும். மிதப்பும் குறையும்.

3. சிலிண்டர்: காற்றுக்கும் எடை உண்டு. பரவலாகப் பயன்படும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரை முழுதாக நிரப்பினால், அதற்குள் சுமார் 2,200 லிட்டர் காற்று அடைபட்டிருக்கும். அந்தக் காற்றின் எடை மட்டும் 2.5 கிலோவுக்கு மேல். டைவ் முடியும்போது அதில் 2 கிலோ போயிருக்கும். தொடக்கத்தில் கீழே இழுத்த அதே சிலிண்டர், கடைசியில் மிதக்கப் பார்க்கும்.

4. ஈயக் கட்டிகள்: இடுப்பு பெல்ட்டில் கோத்தோ, ஜாக்கெட் பையில் போட்டோ எடுத்துப் போகும் எடை. டைவ் முழுக்க மாறாதது இது ஒன்றுதான்.

5. பி.சி.டி ஜாக்கெட்: சிலிண்டரை முதுகில் தாங்கும் ஜாக்கெட். இதற்குள் ஒரு காற்றுப்பை உண்டு. பட்டனை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து காற்று ஏறும். இன்னொரு பட்டனை அழுத்தினால் வெளியேறும்.

கடைசி 10 மீட்டர்தான் கஷ்டம்... ஏன்?

ஆழமான இடம்தான் ஆபத்து, கரைக்குப் பக்கத்தில் ஆழம் குறைவான இடம் ஈஸி என்றுதான் எல்லோரும் நினைப்போம். மிதப்பைப் பொறுத்தவரை கதை தலைகீழ்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், மேற்பரப்பில் இருப்பதைப் போல இன்னொரு மடங்கு அழுத்தம் சேரும். அழுத்தம் கூடினால் காற்றின் அளவு அதே விகிதத்தில் சுருங்கும். 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. பள்ளிப் பாடத்தில் படித்ததுதான்.

மேற்பரப்பில் 12 லிட்டர் இருக்கும் ஒரு பலூனைக் கீழே எடுத்துப் போனால்:

• மேற்பரப்பில்: 12 லிட்டர்
• 10 மீட்டரில்: 6 லிட்டர்
• 20 மீட்டரில்: 4 லிட்டர்
• 30 மீட்டரில்: 3 லிட்டர்

இப்போது இதைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். 30 மீட்டரிலிருந்து 20க்கு வந்தால் 1 லிட்டர்தான் கூடுகிறது. 20லிருந்து 10க்கு 2 லிட்டர். ஆனால் 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் 6 லிட்டர் கூடிவிடுகிறது!

உங்கள் ஜாக்கெட்டுக்குள் இருக்கும் காற்றுக்கும் இதுவேதான் நடக்கிறது. கொஞ்சம் மேலே வந்தால் காற்று விரியும். விரிந்த காற்று இன்னும் மேலே தள்ளும். மேலே போகப் போக இன்னும் விரியும். கவனிக்காமல் விட்டால் தானாகவே வேகம் எடுக்கும். கீழே போகும்போது இதற்கு நேர்மாறு. காற்று சுருங்கச் சுருங்க இறங்கும் வேகம் கூடும். தொடக்கத்தில் பார்த்த 'லிஃப்ட்' அனுபவத்துக்குப் பின்னால் இருப்பது இந்த இயற்பியல்தான்.

புதியவர்கள் செய்யும் முதல் தப்பு: 'இன்னும் ரெண்டு கிலோ குடுங்க'

புதிதாக டைவ் செய்பவர்கள் பலர் தேவைக்கு மேல் எடை கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். காரணம் சுலபமானது. பயத்தில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வைத்திருப்பார்கள். தெரியாமலே கால்கள் தண்ணீரை உதைத்துக்கொண்டிருக்கும். ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்றும் மிச்சம் இருக்கும். பிறகு எப்படி இறங்கும்? 'நமக்கு எடை பத்தல போல' என்று முடிவு செய்து இரண்டு கிலோ சேர்ப்பார்கள். அப்போது இறங்கிவிடும். சிக்கல் அதன் பிறகுதான்.

மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் முத்துக்குளித்தவர்களும் எடையோடுதான் இறங்கினார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, ஒரே மூச்சில் விர்ரென்று அடிக்குப் போவார்கள். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர்கள் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அந்த எடை இறங்குவதற்கு மட்டும்தான். உங்கள் இடுப்பில் இருக்கும் ஈயமோ, டைவ் முடியும்வரை உங்களோடுதான் இருக்கும்.

அதனால் என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சரியான எடையோடு 20 மீட்டரில் இருப்பவர், நியூட்ரலாக நிற்க ஜாக்கெட்டில் 2 லிட்டர் காற்று வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இன்னொருவர் 4 கிலோ அதிகமாகக் கட்டியிருக்கிறார். அந்த 4 கிலோவை ஈடுகட்ட அவருக்கு 6 லிட்டர் தேவை. இருவரும் 5 மீட்டர் மேலே வருகிறார்கள்.

• சரியான எடைக்காரர்: 2 லிட்டர் 2.4 ஆகிறது. சுமார் 400 கிராம் தள்ளுவிசை கூடுகிறது. மூச்சைக் கொஞ்சம் நன்றாக வெளியே விட்டாலே சமாளித்துவிடலாம்.
• அதிக எடைக்காரர்: 6 லிட்டர் 7.2 ஆகிறது. 1.2 கிலோவுக்கு மேல் தள்ளுகிறது. உடனே பட்டனைத் தேட வேண்டும். தேடுவதற்குள் இன்னும் மேலே போயிருப்பார்.

ஆக, அதிக எடை கட்டினால் கீழே போகும் ஆபத்து மட்டுமில்லை. கட்டுப்பாடு இல்லாமல் மேலே வரும் ஆபத்தும் அதனால்தான் கூடுகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

இன்னொரு பாதிப்பும் உண்டு. இடுப்பில் கனம் அதிகமானால் கால் பகுதி கீழே தொங்கும். சாய்ந்த உடம்பைத் தள்ளிக்கொண்டு போக அதிகமாக உதைக்க வேண்டும். மூச்சு வாங்கும். மற்றவர்கள் சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கும்போதே, நீங்கள் 'காற்று தீரப் போகுது' என்று சைகை காட்ட வேண்டியிருக்கும்.

சரியான எடை எவ்வளவு? கண்டுபிடிப்பது எப்படி?

'என் வெயிட்டுக்கு எத்தனை கிலோ?' என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. உடல்வாகு, வெட்சூட்டின் தடிமன், சிலிண்டர் வகை, தண்ணீரின் உப்பு என்று எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்யும். நண்பர் கட்டிய எடையைப் பார்த்து நீங்களும் கட்டக் கூடாது. தண்ணீரிலேயே சோதித்துப் பார்ப்பதுதான் வழி:

1. எல்லாக் கருவிகளையும் மாட்டிக்கொண்டு, கால் எட்டாத ஆழத்தில் மேற்பரப்பில் நிமிர்ந்து இருங்கள். ரெகுலேட்டர் வாயில் இருக்கட்டும். இன்ஸ்ட்ரக்டரோ பார்ட்னரோ பக்கத்தில் இருக்கட்டும்.
2. ஜாக்கெட்டில் இருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றுங்கள்.
3. கால்களைக் குறுக்காகப் பின்னிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தெரியாமலே உதைப்பீர்கள்.
4. சாதாரணமாக மூச்சை இழுத்து ஒரு கணம் நில்லுங்கள். தண்ணீர் மட்டம் கண் உயரத்தில் நின்றால் நல்லது.
5. மூச்சை மெதுவாக முழுதும் விடுங்கள். தலை மெல்ல உள்ளே இறங்க வேண்டும். தடாலென்று இறங்கினால் எடை அதிகம். இறங்கவே இல்லை என்றால் குறைவு. ஒவ்வொரு கிலோவாக மாற்றிப் பாருங்கள்.

மூச்சை ஒரு கணம் நிறுத்துவது மேற்பரப்பில் செய்யும் இந்தச் சோதனைக்கு மட்டும்தான். ஆழத்தில் அது கூடவே கூடாது. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

சோதனையை முழு சிலிண்டரோடு செய்தால், அலுமினிய சிலிண்டருக்கு சுமார் 2 கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். டைவ் முடியும்போது சிலிண்டர் அவ்வளவு லேசாகிவிடும் என்பதுதான் காரணம். அதனால் டைவ் முடிந்து மேலே வந்ததும், சிலிண்டரில் 50 பார் மிச்சம் இருக்கும்போது இதே சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள். அதுதான் உண்மைக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கும்.

கிடைத்த எண்ணை லாக் புக்கில் எழுதி வையுங்கள். எந்த சூட், எந்த சிலிண்டர், எத்தனை கிலோ என்று குறித்தால், அடுத்த முறை வேறு ஊரில் டைவ் செய்யும்போது அரைமணி நேரக் குழப்பம் மிச்சமாகும்.

மூச்சுதான் ஸ்டீயரிங்

எடை சரியாகிவிட்டால், ஜாக்கெட் பட்டனுக்கு வேலை குறைந்துவிடும். ஓர் ஆழத்துக்கு வந்து நியூட்ரல் ஆனதும், அரை மீட்டர் மேலே, அரை மீட்டர் கீழே என்ற சின்ன மாற்றங்களை மூச்சு பார்த்துக்கொள்ளும். பாறை ஒன்று குறுக்கே வருகிறதா? கொஞ்சம் முன்கூட்டியே ஆழமாக இழுங்கள், உடம்பு மெதுவாக எழும்பும். தாண்டியதும் நிதானமாக விடுங்கள், இறங்கிவிடும்.

ஆனால் ஒரு சின்ன சிக்கல்: தாமதம். மூச்சை இழுத்த நொடியே உடம்பு எழும்பாது. ஓரிரு விநாடி ஆகும். குளியலறையில் ஹீட்டர் குழாயைத் திருகும்போது என்ன நடக்கும்? சூடு வரவில்லையே என்று இன்னும் திருகுவோம். திடீரென்று கொதிக்கக் கொதிக்கக் கொட்டும். பதறிப்போய் மூடினால் ஜில்லென்று வரும். தண்ணீருக்கடியில் புதியவர்கள் செய்வதும் இதையேதான். ஒரு தடவை மாற்றிவிட்டுக் காத்திருங்கள். உடம்பு பதில் சொன்ன பிறகு அடுத்த மாற்றத்தைச் செய்யுங்கள்.

மூச்சு விஷயத்தில் மூன்று விதிகள்:

• மெதுவாக, ஆழமாக, தொடர்ச்சியாக. இழுப்பதை விட வெளியே விடுவது சற்று நீளமாக இருக்கட்டும்.
• காற்றை மிச்சப்படுத்துகிறேன் என்று மூச்சை அடக்காதீர்கள். உடம்பில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தலைவலியும் பதற்றமும்தான் மிச்சமாகும்.
• மேலே எழும்பும்போது ஒருபோதும் மூச்சை அடைத்து வைக்காதீர்கள். ஜாக்கெட்டில் விரியும் காற்று நுரையீரலிலும் விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் நுரையீரலைக் கிழித்துக்கொண்டு ரத்தத்தில் கலந்து, மூளை வரை போய் அடைக்கலாம். இதற்கு 30 மீட்டர் ஆழம் தேவையில்லை. நீச்சல் குளத்தின் ஆழமான பக்கமே போதும்.

டைவிங் வகுப்பில் முதல் நாளே 'மூச்சை நிறுத்தாதே' என்று சொல்வது இதனால்தான்.

ஜாக்கெட் பட்டனை எப்போது அழுத்துவது?

இறங்கும்போது: தொடக்கத்தில் காற்றை வெளியேற்ற, இன்ஃப்ளேட்டர் குழாயைத் தலைக்கு மேலே நன்றாகத் தூக்கிப் பிடியுங்கள். காற்று எப்போதும் மேடான இடத்தில்தான் போய் நிற்கும். குழாய் தாழ்ந்திருந்தால், பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் வெளியேறாது. கூடவே மூச்சையும் முழுதாக விடுங்கள். முதல் இரண்டு மூன்று மீட்டர்தான் கஷ்டமாக இருக்கும். அதன் பிறகு சூட் நசுங்கத் தொடங்கி வேலை சுலபமாகும். இறங்க இறங்க ஒரு விநாடிக்கும் குறைவாக 'டக்... டக்...' என்று அழுத்தி, சின்னச் சின்ன அளவாகக் காற்றைச் சேருங்கள். அடியைத் தொடப் போகும் நேரத்தில் மொத்தமாக ஏற்றினால் தாமதமாகிவிடும்.

ஒரே ஆழத்தில் இருக்கும்போது: கையைப் பட்டனிலிருந்து எடுங்கள். மூச்சால் சமாளிக்க முடியாவிட்டால் மட்டும் தொடுங்கள்.

மேலே வரும்போது: இங்கேதான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள். 'மேலே போகணும், காற்று ஏத்தணும்' என்று லிஃப்ட் பட்டன் மாதிரி அழுத்துகிறார்கள். வேண்டாம். மெதுவாகக் காலை அடித்து எழும்புங்கள். விரியும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிக்கொண்டே வாருங்கள். நிமிடத்துக்கு 9 முதல் 10 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வேகம் கூடினால் டைவ் கம்ப்யூட்டர் எச்சரிக்கும்.

5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும் 'சேஃப்டி ஸ்டாப்' ஒருவகையில் பரீட்சை மாதிரி. சிலிண்டர் லேசாகியிருக்கும், ஆழமும் குறைவு. ஜாக்கெட்டில் கிட்டத்தட்டக் காற்றே இல்லாமல் அங்கே நிம்மதியாக நிற்க முடிந்தால், உங்கள் எடை கச்சிதம்.

மேற்பரப்புக்கு வந்ததும் விதி மாறும். ஜாக்கெட்டை நன்றாக நிரப்பி மிதந்துகொண்டு படகுக்குக் காத்திருங்கள். அங்கே காற்றைச் சிக்கனம் செய்யத் தேவையில்லை.

ஒருவேளை கட்டுப்பாடு போய்விட்டால்?

மேலே தூக்கிக்கொண்டு போகிறதா? முதல் வேலை, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருப்பது. அடுத்து, குழாயை உயர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். உடம்பைப் படுத்த நிலையில் விரித்துக்கொண்டால் தண்ணீர் தடுத்து வேகம் குறையும். மேலே வந்த பிறகு நெஞ்சுவலி, மயக்கம், கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்று எது இருந்தாலும் 'பரவாயில்லை, சரியாயிடும்' என்று விடாதீர்கள். உடனே இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லி மருத்துவ உதவி பெறுங்கள்.

காலை அடிக்காமல் 10 விநாடி நில்லுங்க!

நீங்கள் நியூட்ரலாக இருக்கிறீர்களா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை இது. நீந்திக்கொண்டிருக்கும்போது கை, கால் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். 10 விநாடி சாதாரணமாக மூச்சு விடுங்கள். இருந்த இடத்திலேயே நின்றால் பாஸ். கீழே போனால், இவ்வளவு நேரம் உங்களைத் தாங்கியது மிதப்பு இல்லை, உங்கள் கால்தான் என்று அர்த்தம்.

தலை மேலே, கால் கீழே என்று சாய்ந்து நீந்துபவர்களுக்கு இது தெரியவே தெரியாது. சாய்ந்த நிலையில் உதைக்கும் ஒவ்வோர் உதையும் உடம்பை மேலே தள்ளும். அதை ஈடுகட்ட ஜாக்கெட்டிலிருந்து காற்றை எடுப்பார்கள். உதைப்பதை நிறுத்தினால் மூழ்குவார்கள். தீர்வு, படுக்கையில் குப்புறப் படுத்தது போல உடம்பைக் கிடைமட்டமாக வைப்பது. முட்டியை லேசாக மடக்கி, ஃபின்களை மேலே வைத்துக்கொள்ளுங்கள். கால் தொங்கினால், இடுப்பு எடையில் ஒரு பகுதியைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்றி மேலே கொண்டுபோகச் சொல்லி இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள். கைகளால் துழாவாதீர்கள். நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஓர் உதை... பவளத்துக்கு 30 ஆண்டு

பார்க்கக் கல் மாதிரி இருக்கும் பவளப்பாறை உண்மையில் உயிருள்ளது. பாலிப் என்ற சின்னஞ்சிறு உயிரினங்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் வீடு அது. உருண்டையாக வளரும் பவள வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் வரைதான் வளரும். ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், 1 அடி உயரப் பவளத்துக்கு வயசு 30. நீங்கள் தடுமாறி உதைத்து உடைப்பது உங்களை விட மூத்த ஒன்றாக இருக்கலாம். நேராக இடிக்காவிட்டாலும், ஃபின் கிளப்பிவிடும் மணல் பாலிப்புகள் மேல் படிந்து அவற்றை மூச்சுத் திணற வைக்கும்.

இந்தியாவில் பவளப்பாறைகள் இருப்பது நான்கே பகுதிகளில்தான் பெரிய அளவில்: கட்ச் வளைகுடா, லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், பிறகு நம்ம மன்னார் வளைகுடா-பாக் நீரிணைப் பகுதி. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றிய பகுதி, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறியதில் இந்தியப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின. வெப்பத்தை டைவர்களால் தடுக்க முடியாது. ஆனால் அதிலிருந்து தப்பியதை உதைக்காமல் இருக்க முடியும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு பவளத்துக்கும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டுப்பாடம்: படிப்படியாகப் பழகுவது எப்படி?

• நீச்சல் குளத்தில் அடியில் குப்புறப் படுத்து, ஃபின் நுனி மட்டும் தரையில் பட, ஜாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைச் சேருங்கள். மூச்சை இழுத்தால் மார்பு எழும்ப வேண்டும். விட்டால் இறங்க வேண்டும். மூச்சுக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் புரியும்.
• அடுத்து, தரையைத் தொடாமல் ஒரு நிமிடம் நிற்கப் பழகுங்கள். குளத்துச் சுவரில் ஒரு டைல்ஸைக் குறி வைத்துக்கொண்டால், ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியும்.
• கடலில் முதலில் வெறும் மணல் பகுதியில் பழகிவிட்டு, பிறகு பவளப்பாறைப் பக்கம் போங்கள்.
• முதல் சில டைவ்களில் கேமராவைப் படகிலேயே விட்டுவிடுங்கள். ஃப்ரேம் பார்க்கும் நேரத்தில்தான் முட்டி பாறையில் இடிக்கும்.
• ஒவ்வொரு டைவிலும் அரைக் கிலோ, ஒரு கிலோ எனக் குறைத்துப் பார்க்க இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள். சேஃப்டி ஸ்டாப்பில் நிற்க முடிகிறதா என்பதுதான் எல்லை. அதற்கும் கீழே குறைக்கக் கூடாது.
• டைவிங் அமைப்புகள் மிதப்புக்கென்றே தனி கோர்ஸ் நடத்துகின்றன. அடுத்த லெவலுக்குப் போகும் முன் அதைச் செய்தால் காசு வீணாகாது.

ஒன்று மட்டும். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தனியாகக் கடலில் சோதிக்க வேண்டாம். எல்லாவற்றையும் தகுதி பெற்ற பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே செய்து பாருங்கள்.

முதல் டைவில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாரே உங்கள் பார்ட்னர், அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரும் ஒரு காலத்தில் மணலில் முட்டியைத் தேய்த்தவராகத்தான் இருப்பார். பெல்ட்டில் இருந்து ஒவ்வொரு கட்டியாகக் கழற்றித்தான் அந்த இடத்துக்கு வந்திருப்பார்.